பேய்க்கல்லின் ஒற்றைக் கொம்பு

கல்லறைத் தோட்டத்துக்குள் நின்று கூத்தடிக்கிற பெண்பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உத்தமபாளையத்தைத் தாண்டி, கம்பம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் கிருபாவதி அன்று காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. முழங்காலில் வலி வேறு. கையில், வீட்டு பீரோவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த முகக்கண்ணாடி. அதை வெயிலுக்குக் காட்டி, வெளிச்சத்தைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பாள். மொட்டையாகத் தெரிந்த கல்லில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழும்பும். உடனே, "வந்துட்டீகளா! வாங்க, வாங்க!" என்று கல்லைப் பார்த்துக் கத்துவாள். செத்து நூறு வருசமான மனிதரை வாசலில் நின்று வரவேற்கிறாளாம்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தோட்டத்துக்குப் புதுச் சுற்றுச்சுவர் கட்டி, உள்ளே நிரவி, புதுக் குழிகளுக்கு இடம் எடுப்பதென்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. பெயர் படிக்க முடிகிற கல் அப்படியே நிற்கும். படிக்க முடியாத கல்லை ஜேசிபி தூக்கிவிடும். "பேரில்லாத கல்லுக்கு யாரும்மா வந்து பூ வைக்கப் போறாக?" என்று கமிட்டிச் செயலர் ஞானதுரை கேட்டார். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்தால்தான் கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் சில மாதங்களாகச் சனிக்கிழமை தோறும் வந்து, கல்லைத் தண்ணீர் தெளித்து மெத்தென்ற பிரஷால் துடைத்து, கண்ணாடி வெளிச்சம் காட்டிப் படம் எடுத்து, எழுதியிருப்பதை அப்படியே போனில் டைப் அடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்லுக்காரர்களின் பேரன் பேத்திகள் எங்கெங்கோ இருந்து அந்தக் குழுவில் சேர்ந்திருந்தார்கள். பினாங்கிலிருந்து ஒரு ஆள் தன் பாட்டனாரின் கல்லைப் பார்த்துவிட்டு, பேச வராமல் வெறும் அழுகையை மட்டும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தார். கிருபாவதி அதைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டாள். சந்தோசத்தில் வயிறு நிறைந்துவிட்டது.

எழுத்து அவளுக்குத் தொழில். தேனி பஜாரில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. கல்யாணத்துக்கு வாங்குகிற குடம், தூக்குவாளி, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டிக் கொடுப்பது அவள்தான். கையில் அந்தச் சின்ன மெஷின் கர்ரென்று ஓட, எவர்சில்வரில் எழுத்து முத்து முத்தாக விழும். வாழ்க்கைப்பட்டுக் கடைக்கு வந்த புதிதில் ஒரு தடவை, வாடிக்கைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து மூடி போட்ட ஒரு சம்படத்தில் வெட்டினாள்: "ஜக்கம்மா அன்பளிப்பு, மூடியில் வேண்டாம்." மூடியில் வெட்ட வேண்டாம் என்பது அவளுக்குச் சொன்னது. அவள் அதையும் சேர்த்து வெட்டினாள், அதுவும் மூடியிலேயே. அன்றிலிருந்து பஜாரில் அவளுக்கு 'மூடியில் வேண்டாம்' என்று பட்டப்பெயர். இன்றைக்கும் பக்கத்துக் கடைக்காரர் டீ கொடுத்தனுப்பினால், மூடி போடாமல்தான் கொடுத்தனுப்புவார்.

கல்லில் வெட்டினவர்களின் எழுத்து வேறு மாதிரி. அவர்கள் புள்ளி வைப்பதில்லை. ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு போடுவதில்லை. குறிலோ நெடிலோ, எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கொம்புதான். 'தெவன' என்று இருந்தால் தேவன் என்று படிக்க வேண்டும். 'கரததர' என்று இருந்தால் கர்த்தர். ஆரம்பத்தில் கிருபாவதி விழி பிதுங்கி நின்றாள். போகப் போகப் பிடிபட்டுவிட்டது. இப்போது புள்ளியில்லாத எழுத்தைப் பார்த்தால் அவள் கண்ணே புள்ளி வைத்துக்கொள்ளும்.

இத்தனை பேர் வந்தார்கள். அவள் தேடி வந்தவள் மட்டும் வரவில்லை.

அவள் பெயர் சுகிர்தம். கிருபாவதியின் அப்பாவுக்கு அப்பாவைப் பெற்றவள். கெங்குவார்பட்டியில் பிறந்தவள். புருசன் சின்னச்சாமி, வளையலும் ரவிக்கைத் துணியும் தலைச்சுமையாகத் தூக்கி ஊர் ஊராக நடந்து விற்றவர். அவரோடு இந்தப் பக்கம் வந்த இடத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். பச்சைப்பிள்ளையை மிஷன்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுச் சின்னச்சாமி சுமையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். "பொண்டாட்டிக்கு ஒரு கல்லுகூட நடாத மனுசன்" என்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் அவருக்கு வசவு. கிருபாவதியின் அப்பாவும் நன்றாகவே வைவார். வைதுகொண்டே வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு முழம் மல்லிகையோடு வந்து, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து குனிந்து பார்ப்பார். கடைசியில் பூவை கேட்டிலேயே தொங்கவிட்டுவிட்டுத் திரும்புவார். போன வருசம் அவரும் போய்ச் சேர்ந்தார். இனிமேல் தன் வீட்டுப் பூ கேட்டில் தொங்கக் கூடாது என்று கிருபாவதி அன்றைக்கே முடிவுகட்டினாள். இன்றும் ஒரு பொட்டலம் மல்லிகை பையில் இருந்தது. கல்தான் இல்லை. சாயங்காலத்துக்குள் ஜேசிபி எல்லாவற்றையும் முடித்துவிடும்.

வண்டி மதியமே மேற்கு ஓரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஓட்டுகிறவன் தங்கபாண்டி, சின்னமனூர்க்காரன், வாயில் எந்நேரமும் ஒரு பாட்டு. பெயரில்லாத கல் ஒன்று வாளியில் ஏறும்போதெல்லாம் கிருபாவதி கையைக் காட்டி நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

"என்னக்கா, காலைலருந்து ஒரே சத்தம்? யாரு வந்துருக்காக?"

தெற்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உமாதேவி கேட்டாள். வேலியை ஒட்டி அவளுடைய திராட்சைத் தோட்டம். சனிக்கிழமை தோறும் பார்த்துப் பார்த்து இருவரும் பழக்கமாகிவிட்டார்கள். கையில் இரண்டு கொத்து பன்னீர் திராட்சையோடு நின்றாள்.

"எல்லாரும் வந்துட்டாக உமா. எங்க ஆளுதான் வரல." கிருபாவதி கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள்.

"எல்லாக் கல்லையும் பாத்துட்டீகளா? எங்க பக்கத்துக் கல்லையும் பாத்தாச்சா?"

"அங்கன ஏது கல்லு?"

"பேய்க்கல்லு இருக்குல்லக்கா. அந்தா, கள்ளிக்குள்ள."

கிருபாவதி சிரித்துவிட்டாள். உமாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காதீக. நான் ஒண்ணும் கட்டிச் சொல்லல. கல்லுலயே பேய்னு வெட்டியிருக்கு. கல்யாணமாகி வந்த புதுசுல நானே எட்டிப் பாத்துப் படிச்சேன். நான் பத்தாவது பாஸு. அதுலருந்து அங்கன களை எடுக்கக்கூட எங்க வீட்ல யாரும் போறதில்ல."

"ஏத்தா, எந்த ஊர்ல பேய்க்குக் கல்லு நட்டுப் பேரும் எழுதி வச்சிருக்காக?"

"அதாங்க்கா பயமே! மனுசன் எழுதியிருந்தாப் பரவாயில்ல. அதுவே எழுதிக்கிருச்சோ என்னமோ, யாரு கண்டா?"

கள்ளிப் புதருக்குள் ஒரு கல் இருப்பது கிருபாவதிக்குத் தெரியாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து பார்த்தால் கரடுமுரடான முதுகு மட்டும்தான் தெரியும். எல்லைக்கல் என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள், அவள் அப்பாவும் விட்டுவிட்டார். ஆனால் முகம் அந்தப் பக்கம் இருக்கிறதா? எல்லாக் கல்லும் கேட்டைப் பார்த்து நிற்க, இது மட்டும் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தா?

முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வேலி இடுக்கில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். உமாதேவி கொடுத்த அரிவாளால் கள்ளியை ஒதுக்கினாள். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதிக்கு மேல் கரையான் புற்றில் புதைந்து கிடந்தது. இடது மேல்மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் அடித்தாள்.

இரண்டு எழுத்துகள் எழும்பின. அந்தத் தோட்டத்தில் வேறெந்தக் கல்லிலும் இல்லாத அளவுக்கு, நாலு விரல் உயர எழுத்துகள்.

பெய.

கிருபாவதியின் கண் வழக்கம்போல வேலையைக் காட்டியது. ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கியது. யகரத்துக்குப் புள்ளி வைத்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஆத்தாடி! உமா, நீ படிச்சது சரிதான்டி. பேய்னுதான் இருக்கு!"

"நான்தான் சொன்னேன்ல!" உமாதேவிக்குப் பயத்திலும் வாயெல்லாம் பல். ஜெயித்துவிட்டாள் அல்லவா.

சத்தம் கேட்டு ஞானதுரை வந்தார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "பேயா? சபைத் தோட்டத்துல பேய்க்குக் கல்லா? வெளிய தெரிஞ்சா மானம் போயிரும். தங்கபாண்டி, மத்ததைப் பெறகு பாப்போம். மொதல்ல இதைத் தூக்கு!"

தங்கபாண்டி பாட்டை நிறுத்தினான். வண்டியைக் கல்லுக்குப் பின்னால் கொண்டுவந்தான், வாளியை உயர்த்தினான், அப்படியே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. சக்கரத்துல எலுமிச்சம்பழம் வைக்காம நான் இதைத் தொடமாட்டேன்."

"எலுமிச்சம்பழமா? இது கிறிஸ்தவக் கல்லறைப்பா!"

"பேய்க்கு அது தெரியுமாய்யா?"

"பேயே கெடையாதுங்கிறேன்!"

"இல்லாட்டி எதுக்கு மொதல்ல தூக்கச் சொல்றீக?"

எலுமிச்சம்பழம் வைக்கலாமா கூடாதா, வேலிக்கு வெளியே வைத்தால் கணக்கில் வருமா வராதா என்று பேச்சு வளர்ந்தது. தன் தோட்டத்து மரத்தில் பழம் இருக்கிறது, வேண்டுமானால் பறித்து வருகிறேன் என்று உமாதேவி வேறு நடுவில் எண்ணெய் ஊற்றினாள்.

கிருபாவதி போனை எடுத்தாள். பேயோ பிசாசோ, கல் என்று இருந்தால் பதிய வேண்டும். எழுதியிருப்பதை எழுதியிருப்பது மாதிரியே போட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த ஒரே சட்டம். படம் எடுத்தாள். கீழே டைப் அடித்தாள். புள்ளி வைக்கவில்லை, கொம்பை மாற்றவில்லை. கல்லில் இருந்தபடியே 'பெய'.

போன் சும்மா இருக்குமா? நாம் ஒன்றைத் தொடங்கினால் முடித்துவைக்கத் துடிக்கிற பிறவி அது. கீபோர்டுக்கு மேலே மூன்று வார்த்தைகளை நீட்டியது. முதல் வார்த்தை: பெயர்.

கிருபாவதி அதையே பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். இரண்டு எழுத்துக்கு அப்புறம் கல் புற்றுக்குள் போகிறது. எழுத்தும் உள்ளே போகிறது. பேச்சில் எல்லோரும் பேரு பேரு என்றே சொல்லி, பெயர் என்று ஒரு வார்த்தை இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை. பத்தாவது பாஸான உமாதேவிக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்கப் பெயர் வெட்டியே பிழைக்கிற தனக்கும் தோன்றவில்லை!

"பேய் இல்ல!" அவள் போட்ட சத்தத்தில் திராட்சைப் பந்தலிலிருந்த குருவிகள் எல்லாம் கிளம்பின. "பேய் இல்லடி உமா, பேரு! பெயர்! இது பேருள்ள கல்லு! யாரும் தொடாதீக!"

வாளிக்கும் கல்லுக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள். எஞ்சின் அணைந்து கிடந்தது அவளுக்கு நினைவில்லை.

உமாதேவி மம்பட்டியோடு ஓடிவந்தாள். இத்தனை வருசமாக நிழல்கூடப் படாமல் ஒதுங்கிப் போன இடத்தில் கால் ஊன்றிப் புற்றை வெட்டினாள். பெயர் என்றானதும் பயம் பறந்துவிட்டது பாருங்கள். கிருபாவதி கையாலேயே மண்ணை வாரினாள். நகத்தில் செம்மண் ஏறியது. தங்கபாண்டி ஒரு கடப்பாறையைக் கொண்டுவந்து, சாய்ந்த கல்லைப் பின்னாலிருந்து நெம்பிப் பிடித்தான். ஞானதுரைகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று தன் பங்குக்கு மூச்சு வாங்கினார்.

ஒரு ரகரம் வந்தது. பெயர.

கொஞ்சம் இடம் விட்டு ஒரு எழுத்து. மண் அப்பியிருந்தது. கிருபாவதி தண்ணீரைப் பீய்ச்சிப் பிரஷால் துடைத்தாள். "சு," என்றாள். அடுத்ததைத் துடைத்தாள். "கி." அதற்கு மேல் அவளால் துடைக்க முடியவில்லை. உமாதேவி பிரஷைப் பிடுங்கிக்கொண்டு மீதியைத் துடைத்தாள்.

பெயர சுகிரதம
ஊர கெஙகுவாரபடடி

"பெயர் சுகிர்தம்," என்று உமாதேவி உரக்கப் படித்தாள். "ஊர் கெங்குவார்பட்டி. யக்கா! ஒங்க ஆளா?"

"எங்க ஆளுதான்! எங்க ஆளேதான்!" கிருபாவதி அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில், மண்ணும் வியர்வையுமாக, இரண்டு பெண்கள் சேர்ந்து குதித்ததைத் தங்கபாண்டி வீடியோ எடுத்தான். பிற்பாடு அது குழுவுக்குள் போய், பினாங்குக்காரர் அதற்கும் அழுதார்.

"அடியில இன்னும் இருக்கும்மா," என்றார் ஞானதுரை.

இன்னும் தோண்டினார்கள். வருசம் வந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து. அதற்குக் கீழே, அதே நாலு விரல் உயர எழுத்தில், இன்னும் இரண்டு வரிகள். கிருபாவதி கண்ணாடியை உமாதேவியிடம் கொடுத்து வெளிச்சம் அடிக்கச் சொன்னாள். தன் கண்ணாலேயே புள்ளி வைத்து, கொம்பு போட்டு, வாய்விட்டுப் படித்தாள்:

"எழுத்து பெரிசாய் வெட்டவும். பாதையில் இருந்து தெரிய வேணும்."

யாருக்கும் விளங்கவில்லை. ஞானதுரை, "இது ஏதாவது வேத வாக்கியமா?" என்று இழுத்தார்.

கிருபாவதிக்கு மட்டும் பளிச்சென்று விளங்கிவிட்டது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. "மூடியில் வேண்டாம்!" என்று கத்தினாள். "ஐயோ, மூடியில் வேண்டாம்!" அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தங்கபாண்டி ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"சீட்டுல எழுதிக் குடுத்துருக்காகண்ணே. பேரு இன்னது, ஊரு இன்னது, எழுத்தைப் பெரிசா வெட்டுன்னு. கடைசி ரெண்டு வரி கொத்துறவருக்குச் சொன்னது. அவரு அதையும் சேத்துக் கொத்திட்டாரு. என்னைய மாதிரியே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவிலேயே கிருபாவதி அந்த வரிகளை மறுபடி படித்தாள். யார் எழுதிக் கொடுத்த சீட்டு? பாதையிலிருந்து தெரிய வேண்டும் என்று யாருக்கு ஆசை? பாதையில் நடந்து நடந்து பிழைத்தவருக்குத்தான். தலையில் சுமை இருந்தால் நின்று குனிந்து படிக்க முடியாது. போகிற போக்கில், கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓட்டினால் தெரிய வேண்டும்.

"உமா, இந்தப் பக்கம் எப்பவாச்சும் பாதை இருந்துச்சா?"

"எங்க தோட்டத்துக்குப் பேரே பாதைத் தோட்டந்தான்க்கா. கம்பம் போற பழைய வண்டிப்பாதை இதுவழிதான் போச்சாம். எங்க மாமனாரு சொல்லுவாக."

கிருபாவதி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கல்கூட நடாத மனுசனாம். மூன்று தலைமுறையாக வாய் கூசாமல் வைதார்கள். கல்லையும் நட்டு, அதைத் தனக்குத் தெரிகிற பக்கம் திருப்பியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் சின்னச்சாமி. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் இந்நேரம் அவரும் உட்கார்ந்து அழுதிருப்பார்.

"இத்தனை வருசத்துல இந்தப் பக்கத்துக் கல்லு எத்தனையோ துணி துவைக்கப் போயிருச்சு," என்றாள் உமாதேவி, பெருமையாக. "இதை மட்டும் நாங்க தொட விடல பாத்தீகளா? பேய்னு சொல்லியே காப்பாத்திட்டோம்."

ஞானதுரை தொண்டையைச் செருமினார். பேருள்ள கல், ஆளும் வந்தாயிற்று, அதனால் நிற்கும் என்று சட்டப்படி அறிவித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "நிமித்தி நடும்போது மத்தக் கல்லு மாதிரி கேட்டைப் பாத்துத் திருப்பிருவோம். அந்தக் கடைசி ரெண்டு வரி தப்பா விழுந்ததுதான? சிமெண்டு பூசிரலாமா?" என்றார்.

"பூசுற கைய ஒடிச்சுருவேன்ண்ணே," என்றாள் கிருபாவதி. மரியாதையாகத்தான் சொன்னாள். "திருப்பவும் கூடாது."

"அந்தப் பக்கம் இப்பப் பாதையே இல்லையேம்மா. வெறும் திராட்சைத் தோட்டம்ல?"

அதற்குப் பதில் உமாதேவி சொன்னாள். "பந்தல்ல ஒரு வரிசைக்குக் கீழ கொடிய ஒதுக்கி விட்டாத் தெரிஞ்சிட்டுப் போகுது. அதுல என்ன இருக்கு?"

தங்கபாண்டி ஜேசிபியை மறுபடி கிளப்பினான். தூக்க வந்த வாளியாலேயே கல்லை மெல்ல அணைத்து நிமிர்த்தினான். எலுமிச்சம்பழத்தை அவனும் கேட்கவில்லை. அடியில் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கினார்கள். கிருபாவதி மல்லிகையைப் பிரித்துக் கல்லின் தலையில் சுற்றினாள். பிறகு, பந்தலோரம் உமாதேவி வைத்திருந்த திராட்சைக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தாள்.

பழைய பாதை போன இடம் வந்ததும் கல் இருக்கும் பக்கம் திரும்பாமல் நடந்தாள். கழுத்தை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் ஓட்டினாள். கொடிகளுக்கு நடுவில், சாயங்கால வெயிலில், கண்ணாடியே இல்லாமல் எழுத்துகள் எழுந்து நின்றன.

"தெரியுது!" என்று கத்தினாள் கிருபாவதி. வேலியோரம் நின்ற மூவரும் தங்களிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினார்கள். "நல்லாத் தெரியுது தாத்தா! பாதையில இருந்தே தெரியுது!"